வெந்நீர்த் தொட்டியும் புட்டிப் பானமும்



கோடை நெருங்கும்போதெல்லாம் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் பானங்களைப் பற்றியவையாகவே இருக்கும். மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடும் நாகபுரியில் குடியிருக்கும் நமக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. நன்னாரியும் பானகமும் ஊரோடு போகட்டும் என்று விட்டுவிட நம் தாய்மார்களுக்கு மனம் வருவதில்லை. இவ்வூர்ச் சந்தையில் மலிந்து கிடக்கும் ஆரஞ்சும் நாசிக்கிலிருந்து வரும் திராட்சையும் வேறு ஆசை காட்டுகின்றன. ஆகவே புட்டிகளில் சாறு நிரப்பி வைக்காத தமிழ்க் குடும்பம் நம் குடியிருப்பில் அரிது என்றே கூறலாம்.

இம்முறை வந்த கடிதங்களுள் ஒன்று நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. எழுதியவர் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர். அவருடைய கணவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இளைய மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டுச் செலவுக்குக் கை கொடுக்கட்டுமே என்று சகோதரியார் 24 புட்டி திராட்சைச் சாறு தயாரித்து, அண்டை அயலாருக்கு விற்க எண்ணினார். சாற்றை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறிய பின், வெந்நீரில் கழுவிய புட்டிகளில் ஊற்றி மூடியிருக்கிறார். பத்தாம் நாள் பார்த்தபோது ஏழு புட்டிகளில் நுரை கட்டிப் பொங்கியிருந்தது. அவற்றுள் ஒன்று அன்றிரவே அலமாரியில் வெடித்துச் சிதறியதாம். யாருக்கும் காயமில்லை என்பது பெரும் ஆறுதல். “மருந்து சேர்க்காமல் சாற்றைக் காப்பாற்ற வழியுண்டா? அல்லது இந்த முயற்சியையே கைவிட வேண்டியதுதானா?” என்று கேட்டிருக்கிறார்.

வழியுண்டு. கைவிட வேண்டியதில்லை. அந்த வழியைத்தான் இத்திங்கள் விரிவாகக் கூற விழைகின்றோம். பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு பார்சல் ரசீதுகளோடு காலம் கழிக்கும் நமக்கு விஞ்ஞானப் பட்டம் ஏதுமில்லை. எனினும் இம்முறை எவருக்கும் எளிதில் விளங்கக் கூடியதே. ஓர் எண்ணெய் டின்னும் ஓர் உஷ்ணமானியும் பொறுமையும் இருந்தால் போதும்.

கெட்டது ஏன்?

முதலில் சகோதரியாரின் புட்டிகள் ஏன் பொங்கின என்பதைப் பார்ப்போம். பழத்தோலின் மீதும் காற்றிலும் பாத்திரங்களிலும் ஈஸ்ட் என்னும் நொதிக் கிருமிகள் எங்கும் நிறைந்திருக்கின்றன. இவை சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. மூடிய புட்டிக்குள் வாயு சேரச் சேர அழுத்தம் ஏறுகிறது. கண்ணாடி தாங்கும் வரை தாங்கும், பிறகு வெடிக்கும்.

சகோதரியார் சாற்றைக் கொதிக்க வைத்தபோது அதிலிருந்த கிருமிகள் மடிந்தன என்பது உண்மையே. ஆனால் ஆறிய சாறு புனல் வழியாகப் புட்டிக்குள் இறங்கியபோது, புனலிலும் புட்டியிலும் மூடியிலும் இருந்த புதிய கிருமிகள் அதனோடு சேர்ந்துகொண்டன. வீட்டைப் பெருக்கிவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தூசி எப்படி வந்தது என்று கேட்பது போன்றதே இது. முதலில் சாற்றைப் புட்டியில் அடைத்து மூடிவிட வேண்டும். அதன் பிறகே சூடாக்க வேண்டும். அப்போது சாறும் புட்டியும் மூடியும் ஒருசேரத் தூய்மையடைகின்றன. புதிய கிருமி நுழைய வாயிலில்லை. இம்முறையின் உயிர்நாடி இவ்வொன்றே.

இது நேற்று இன்று தோன்றிய முறையன்று. பிரான்சு தேசத்தில் நிக்கோலா அப்பேர் என்னும் மிட்டாய் வணிகர், உணவுப் பண்டங்களைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துத் தக்கையால் இறுக மூடிக் கொதிநீரில் வைத்தெடுத்தால் கெடாமல் இருப்பதைக் கண்டறிந்தார். 1810ஆம் ஆண்டு அதைப் பற்றி நூலும் வெளியிட்டார்; அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. ஏன் கெடவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அதைத் தெளிவாக்கியவர் அறிஞர் லூயி பாஸ்ச்சர். 1860-களில் திராட்சை மது புளித்துப் போவதை ஆராய்ந்த அவர், கொதிநிலைக்கு வெகு கீழான சூட்டிலேயே அக்கிருமிகள் மடிகின்றன என்று காட்டினார். அவர் பெயரால் இன்று பால் பதப்படுத்துவதையே நாம் நினைக்கிறோம். ஆனால் முதலில் அவர் இம்முறையைக் கையாண்டது மதுவுக்கே. 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் வைத்தியர் இதே முறையைத் திராட்சைச் சாற்றுக்குப் பயன்படுத்தினார். தேவாலய வழிபாட்டில் மதுவுக்குப் பதிலாகப் புளிக்காத சாறு வேண்டும் என்பது அவருடைய நோக்கம். நம் சகோதரியார் தேடும் பொருளும் அதுவே அல்லவா?

எந்தப் பானம் ஆகும், எது ஆகாது?

இந்தப் பகுதியை மட்டும் இருமுறை படிக்குமாறு தாய்மார்களை வேண்டிக்கொள்கிறோம். இதில் பிழை நேர்ந்தால் பணநஷ்டத்தோடு நில்லாது, உயிருக்கே ஆபத்தாகும்.

வெந்நீர்த் தொட்டி முறை புளிப்புள்ள பானங்களுக்கு மட்டுமே உரியது. எலுமிச்சை, திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி, மாதுளை, கோகம், புளி சேர்ந்த பானகம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நன்னாரி, ரோஜா முதலிய சர்பத்துகளை எலுமிச்சைச் சாறு தாராளமாகச் சேர்த்துப் புளிப்பாக்கிய பின் இம்முறையில் வைக்கலாம்.

இளநீர், பதநீர், கரும்புச் சாறு, பால், பாதாம் பால், தர்பூசணிச் சாறு, பப்பாளிச் சாறு ஆகியவற்றை ஒருபோதும் இவ்வாறு புட்டியில் அடைத்து வெளியில் வைக்கலாகாது. காரணம் இதுதான்: மண்ணில் வாழும் போட்டுலினம் என்னும் ஒருவகைக் கிருமி, விதை போன்ற உறையைக் கட்டிக்கொண்டு கிடக்கும். அவ்வுறை கொதிநீரில் பல மணி நேரம் கிடந்தாலும் அழிவதில்லை. 121 டிகிரிச் சூட்டை நீராவி அழுத்தத்தில் கொடுக்கும் தொழிற்சாலைப் பொறிகளே அதை அழிக்க வல்லவை. காற்றில்லாத மூடிய புட்டி அதற்கு மிகவும் உகந்த இடம். அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளை முடக்கி மூச்சையே நிறுத்தக் கூடியது. நாற்றமோ நுரையோ இன்றியும் அந்நஞ்சு இருக்கக் கூடும். புளிப்பு மிகுந்த சாற்றில் மட்டும் அவ்விதை முளைப்பதில்லை. ஆகவேதான் புளிப்பு நமக்குக் காவல்.

விடுமுறையில் ஊர் சென்று திரும்பும்போது பதநீரைப் புட்டியில் அடைத்து, சுடவைத்து, இரண்டு நாள் ரயில் பயணத்தில் பேரப்பிள்ளைகளுக்கென்று கொண்டு வரலாமா என்று பெரியவர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய அன்பை நாம் வணங்குகிறோம். ஆயினும் வேண்டாம் ஐயா. பதநீர் கள்ளாகாமலிருக்கப் பானையில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு புளிப்புக்கு நேர் எதிரி. பதநீரின் சுவையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டக் கருப்பட்டி இருக்கிறது. அது எத்தனை நாள் பயணத்தையும் தாங்கும்.

புளிப்பை அளக்கப் பள்ளி ஆய்வுக்கூடச் சாமான்கள் விற்கும் கடைகளில் சோதனைத் தாள் கிடைக்கும். பி.எச். என்னும் அளவில் 4.6க்கு மேற்பட்டால் அபாயம். நாம் இன்னும் சற்றுப் பாதுகாப்பாக 4க்குக் கீழே இருத்தல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நன்கு பழுத்த மாம்பழத்தின் கூழ் சில வேளைகளில் இந்த எல்லையைத் தாண்டிவிடும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்து, மீண்டும் தாளில் பார்த்த பிறகே புட்டியில் ஊற்ற வேண்டும்.

தொட்டி செய்யும் விதம்

கடைகளில் காலியாகக் கிடைக்கும் 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று வாங்குக. அது ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் சதுரமும் 35 சென்டிமீட்டர் உயரமும் உடையது. தகர வேலைக்காரரிடம் கொடுத்து மேற்பக்கத்தை வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்துத் தட்டச் சொல்லுங்கள். இல்லையேல் கையைக் கிழிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு நீங்கச் சலவைச் சோடா போட்ட வெந்நீரால் கழுவி, நீர் நிரப்பி ஓர் இரவு வைத்து ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

அடியில் ஒரு தட்டி வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்துச் செய்துகொள்ளலாம். புட்டி நேராக டின்னின் அடித்தகட்டில் நின்றால் அடுப்பின் சூடு ஓரிடத்தில் தாக்கிக் கண்ணாடி விரிசல் காணும். தட்டியின் மேல் பழைய துண்டு ஒன்றை நாலாக மடித்துப் பரப்புவது மேலும் நலம். டின்னை மூட ஒரு தட்டு அல்லது பலகை தேவை.

இதில் 650 மில்லி புட்டிகள் ஐந்து நிற்கும்: மூலைக்கு ஒன்றாக நான்கு, நடுவில் ஒன்று. நடுவில் நிற்பதுதான் சோதனைப் புட்டி. அதிலும் அதே சாற்றை அதே அளவு ஊற்றுக. ஆனால் மூடி போடாமல், துளையிட்ட தக்கை ஒன்றைத் தளர்வாக வைத்து, அதன் வழியே உஷ்ணமானியைச் சாற்றின் நடுப்பகுதி வரை இறக்குக. துளை வழியே காற்று வெளியேற வழியிருக்க வேண்டும். இச்சோதனைப் புட்டியின் சாற்றை அன்றே வீட்டில் குடித்துவிடலாம்.

உஷ்ணமானி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. காய்ச்சல் பார்க்கும் உஷ்ணமானி 42 டிகிரி வரையே காட்டும், சுடுநீரில் வெடித்துவிடும். நூறு டிகிரிக்கு மேல் காட்டும் ஆய்வுக்கூட உஷ்ணமானியோ, சமையலுக்கென்று விற்கும் மின்கல உஷ்ணமானியோ வாங்குக. வாங்கியதும் சோதித்துக் கொள்க. உருகும் பனிக்கட்டியில் அது பூஜ்யம் காட்ட வேண்டும். கொதிநீரில் நூறு காட்ட வேண்டும் என்று எண்ணாதீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். நாகபுரி சுமார் 310 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 99 காட்டினால் கருவி சரியே. வெளியூர் அன்பர்கள் தம் ஊரின் உயரத்தை அறிய எங்கும் அலைய வேண்டாம். ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் கீழேயே எழுதியிருக்கிறது!

மின்சார வெந்நீர்க் கம்பியை டின்னில் மாட்டிச் சூடாக்கலாமா என்று கேட்பார்கள். தகர டின்னில் அது வேண்டவே வேண்டாம். மின்கசிவு ஏற்பட்டால் டின் முழுவதும் மின்சாரம் பாயும். தரையில் வைத்த எரிவாயு அடுப்போ கரி அடுப்போ போதும். மேடை மேல் உயரத்தில் வைத்தால் நிறைந்த டின் சாய்ந்து கொட்டக் கூடும்; குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

புட்டியும் மூடியும்

கனமான கண்ணாடிப் புட்டிகளையே தேர்ந்தெடுங்கள். விளிம்பு உடைந்தவை, கீறல் விழுந்தவை, உள்ளே குமிழியுள்ளவை ஆகியவற்றை ஒதுக்குங்கள். குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் புட்டிகள் இதற்கு உதவா. 70 டிகிரியை ஒட்டியே நெகிழ்ந்து உருமாறிவிடும். சோடாப் புட்டிக்குப் போடும் கிரவுன் மூடியும், அதை அழுத்தும் கைப்பொறியும் பெரிய கடைத்தெருக்களில் கிடைக்கும். மூடிகள் புதியனவாக இருத்தல் அவசியம். ஒருமுறை திறந்த மூடி மறுமுறை இறுகாது.

புட்டியை வாய்வரை நிரப்பக் கூடாது. சூடேறும்போது சாறு விரியும். 600 மில்லி சாறு 80 டிகிரியை எட்டும்போது 15 முதல் 20 மில்லி கூடுதல் இடம் கேட்கும். இடமில்லையேல் மூடி பிதுங்கும் அல்லது புட்டி உடையும். எனவே 650 மில்லிப் புட்டியில் 50 மில்லி காலியிடம் விடுக. கணக்கு எளிது: ஒரு புட்டியில் தளும்பத் தண்ணீர் ஊற்றி, மருந்தளவைக் கிண்ணத்தால் 50 மில்லி எடுத்துவிட்டு, எஞ்சிய நீர்மட்டத்தில் ஒரு நூலைக் கட்டுங்கள். மற்றப் புட்டிகளையெல்லாம் அந்த நூலை ஒட்டி நிரப்புங்கள்.

சூடாக்கும் முறை

குளிர்ந்த புட்டிகளைக் குளிர்ந்த நீரிலேயே வைத்து, இரண்டையும் ஒன்றாகச் சூடாக்க வேண்டும். சுடுநீரில் குளிர்ந்த புட்டியை இறக்கினால் கண்ணாடி உடையும். புட்டியில் சாறு நிற்கும் மட்டத்திற்குத் தொட்டி நீரும் நிற்கட்டும். டின்னை மூடி, நடுத்தரத் தீயில் வைக்கவும்.

நீர் 85 டிகிரியை எட்டியதும் தீயைத் தணித்து அந்நிலையிலேயே நிறுத்துக. இப்போது கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கலாமா? கூடாது. நீரின் சூடு வேறு. புட்டியின் நடுவிலுள்ள சாற்றின் சூடு வேறு. வண்டி நிலையத்துக்கு வந்துவிட்டது என்பதும், பார்சல் நம் கைக்கு வந்துவிட்டது என்பதும் ஒன்றாகுமா? சோதனைப் புட்டியின் உஷ்ணமானி 80 டிகிரியைத் தொட்ட நிமிஷத்தைக் குறித்துக்கொள்க. அதிலிருந்து 20 நிமிஷம் அச்சூட்டைக் குறையாமல் காத்தல் வேண்டும். நடுவில் சூடு 80க்குக் கீழிறங்கினால், மீண்டும் 80 வந்தபின் கணக்கை முதலிலிருந்து தொடங்குக.

ஏன் கொதிக்கவே வைத்துவிடக் கூடாது என்று சிலர் கேட்கலாம். தேவையில்லை என்பதே விடை. பீர் வடிப்போர் 60 டிகிரியில் ஒரு நிமிஷம் என்பதை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடுகிறார்கள். சூடு 7 டிகிரி ஏறினால் கிருமிகொல்லும் வேகம் ஏறத்தாழ பத்து மடங்காகிறது என்பது அவர்கள் கணக்கு. அதாவது 67 டிகிரியில் ஒரு நிமிஷம், 60 டிகிரியில் பத்து நிமிஷத்துக்குச் சமம். நாம் சொன்ன 80 டிகிரி ஈஸ்டுக்கும் அதன் இனத்தாருக்கும் தாராளமானது. அதற்கு மேல் ஏற்றினால் கிருமி கூடுதலாகச் சாவதில்லை. பழத்தின் மணந்தான் சாகும்.

செலவையும் பார்ப்போம். நீரும் சாறும் சேர்ந்து சுமார் 12 லிட்டர். அதை 30 டிகிரியிலிருந்து 80க்குக் கொண்டுவந்து நிறுத்த, வீணாகும் சூட்டையும் சேர்த்து 150 முதல் 200 கிராம் எரிவாயு செலவாகும் என்பது நம் கணக்கு. 14.2 கிலோ உருளையில் எழுபது முறைக்குக் குறையாமல் செய்யலாம்.

ஆறவைக்கும் முறை

பலர் இங்கேதான் அவசரப்பட்டுப் புட்டியை உடைக்கிறார்கள். கண்ணாடி சூடேறுவதைக் காட்டிலும் திடீரென்று குளிர்வதையே குறைவாகத் தாங்கும். அடுப்பை அணைத்து, கையுறையோ தடித்த துணியோ கொண்டு புட்டிகளை ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்தவுடன் மடித்த துண்டின் மேல் ஐந்து நிமிஷம் படுக்க வையுங்கள். உள்ளிருக்கும் சூடான சாறு மூடியின் அடிப்பக்கத்தைத் தொட்டு அதையும் தூய்மையாக்கும். பிறகு நிமிர்த்தி வைத்து ஆறவிடுங்கள். கருங்கல் மேடையில் வைக்கலாகாது. நம் ஊரில் கோடையில் வீட்டுக்கு வீடு ஓடும் கூலரின் ஈரக்காற்று நேராகப் படும் இடத்திலும் வைக்கலாகாது. டின்னைச் சூட்டோடு தூக்க முயல வேண்டாம். நீர் ஆறிய பின் குவளையால் முகந்து ஊற்றுங்கள்.

முதல் முறை செய்த புட்டிகளை வெளிச்சம் படாத இடத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் மூடி பத்து நாள் வைத்துக் கவனியுங்கள். குமிழி எழுந்தாலோ, மூடி புடைத்தாலோ, பூசணம் மிதந்தாலோ சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். சந்தேகமுள்ள புட்டியை முகத்துக்கு நேராகத் திறவாதீர்கள். ஈரத்துணியால் போர்த்தித் திறக்கவும். நல்ல புட்டியாயினும் திறந்த பின் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாட்களில் தீர்த்துவிட வேண்டும்.

சில ஐயங்களுக்கு விடை

திராட்சைச் சாற்றின் அடியில் சில வாரங்களில் கண்ணாடித் தூள் போன்ற பொடி படியும். அது திராட்சையிலேயே உள்ள ஓர் உப்பு, தீங்கற்றது. தெளிவாக இறுத்துக்கொள்ளலாம். சாறெடுக்கப் பெங்களூர் நீலத் திராட்சை நல்ல நிறமும் மணமும் தரும்.

நாகபுரி ஆரஞ்சுச் சாறு சூட்டில் கசக்கிறதே என்று மூவர் எழுதியுள்ளனர். அது செய்தவர் குற்றமன்று. பிழிந்த சாற்றிலுள்ள ஒரு பொருள் நேரம் செல்லச் செல்லவும் சூட்டிலும் கசப்பாக மாறுவது அப்பழத்தின் இயல்பு. விதையும் வெள்ளை நாரும் நசுங்காமல் மென்மையாகப் பிழிவதும், உடனே வடிகட்டுவதும், எலுமிச்சையோடும் சர்க்கரைப் பாகோடும் கலந்து சர்பத்தாக்குவதும் கசப்பைக் குறைக்கும். முழுச் சாறாக வேண்டுவோர் அவ்வப்போது பிழிந்து குடிப்பதே மேல்.

வாயு ஏற்றிய சோடா, வீட்டில் நொதிக்க வைத்த இஞ்சிப் பானம் ஆகியவற்றை இத்தொட்டியில் வைக்கலாமா? கூடாது. நீரில் கரைந்த வாயு சூட்டில் வெளியேறத் துடிக்கும். 25 டிகிரியில் இருக்கும் அழுத்தம் 60 டிகிரியில் இருமடங்குக்கும் மேலாகும். தொழிற்சாலைகளில் மூடிய கூண்டுக்குள், படிப்படியாகச் சூடேற்றும் நீர்த்தாரைகளின் கீழ் இதைச் செய்கிறார்கள். சமையலறையில் செய்தால் கண்ணாடிச் சில்லு கண்ணைப் பறிக்கும்.

பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்னும் மருந்தைச் சேர்ப்பது தவறா என்றும் வினவியுள்ளனர். அளவோடு சேர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அது திராட்சை போன்ற சாறுகளின் நிறத்தை வெளுக்கச் செய்யும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். சூட்டு முறைக்கு அம்மருந்து தேவையில்லை.

விற்பனை செய்வோருக்கு

வீட்டில் குடிப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு புட்டியேனும் விற்பதானால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படிப் பதிவு செய்துகொள்ளுதல் கடமை. இது வீண் தொல்லை என்று எண்ண வேண்டாம். நம் கையால் வாங்கிக் குடிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தை. மைசூரில் 1950இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகம் போன்ற நிலையங்கள் பழப் பதனத்தில் பயிற்சியளித்து வருகின்றன. தொழிலாகவே நடத்த விரும்புவோர் அவற்றை அணுகலாம்.

இலாப நஷ்டத்தையும் நேராகப் பார்க்க வேண்டும். 24 புட்டிகளில் 7 கெட்டால், எஞ்சிய 17 புட்டிகளின் விலையில் 24 புட்டிகளின் செலவும் அடங்க வேண்டும். அதாவது ஒவ்வொரு புட்டியின் அடக்கவிலையும் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. பழத்தின் விலையைப் பேரம் பேசிக் குறைப்பதைக் காட்டிலும், ஒரு புட்டியும் கெடாமல் காப்பதில்தான் இத்தொழிலின் ஆதாயம் இருக்கிறது.

அதற்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பழம், புளிப்பளவு, புட்டிகளின் எண்ணிக்கை, அடுப்பேற்றிய நேரம், சோதனைப் புட்டி 80 டிகிரி தொட்ட நேரம், இறக்கிய நேரம், பத்தாம் நாள் நிலை என்று எட்டுக் கட்டங்கள் போதும். புட்டியின் மேலும் அதே தேதியை ஒட்டிவிடுங்கள். என்றேனும் ஒரு புட்டி கெட்டால் எந்த நாளின் வேலையில் எங்கே குறை என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடலாம். குறிப்பேடு எழுதும் வழக்கம் குமாஸ்தாக்களுக்கு மட்டும் உரியதன்று.

கடிதம் எழுதிய சகோதரியாருக்கு நம் யோசனை இதுதான்: எஞ்சியிருக்கும் பதினேழு புட்டிகளையும் விற்க வேண்டாம், உடனே குளிர்பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றாக எச்சரிக்கையுடன் திறந்து பாருங்கள். பொங்கியவற்றைக் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை 24 புட்டி வேண்டாம். தொட்டியில் அடங்கும் நான்கு புட்டியும் ஒரு சோதனைப் புட்டியுமாகத் தொடங்குங்கள். மூன்று முறை செய்து, பன்னிரண்டு புட்டிகளும் ஒரு மாதம் கெடாமல் நின்ற பிறகு பதிவுக்கு விண்ணப்பம் எழுதுங்கள். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வதில் உதவி தேவைப்பட்டால், ஞாயிறு மாலையில் சங்க நூலகத்தில் நம்மைக் காணலாம். உங்கள் மகள் விஞ்ஞானம் படிக்கிறாளானால் உஷ்ணமானியையும் குறிப்பேட்டையும் அவளிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

முயன்று பார்க்கும் மற்ற அன்பர்களும் தங்கள் குறிப்பேட்டின் பிரதியொன்றை நமக்கு அனுப்பிவைத்தால், எந்தப் பழம் எவ்வளவு காலம் நின்றது என்பதைத் தொகுத்து ஆடி மாத இதழில் வெளியிடுவோம்.